முதல் இரண்டு நிமிடம் உன்னுடையது

தங்கச்சி, உன் பிஎல்எஸ் (அடிப்படை உயிர்காப்பு) கார்டில் என்ன தேதி போட்டிருக்கிறது என்று இப்போதே எடுத்துப் பார். தேதி தாண்டியிருந்தால் இந்த மாதம் முடிவதற்குள் மறுபடி பயிற்சிக்குப் போய்விடு. கார்டே எடுக்கவில்லை என்றால், வெளிநாடு போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதே. உன் வார்டில் படுத்திருப்பவருக்கு அது இன்று ராத்திரியே தேவைப்படலாம். ஆண் செவிலியர் தம்பிகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நம்மிடம் ஒரு கெட்ட பழக்கம் ஊறிவிட்டது. பாஸ்போர்ட், அனுபவச் சான்று, டேட்டாஃப்ளோ சரிபார்ப்பு என்று வளைகுடா வேலைக்கு அடுக்கும் தாள்களில் ஒன்றாகத்தான் பிஎல்எஸ், ஏசிஎல்எஸ் (மேம்பட்ட இதய உயிர்காப்பு) சான்றிதழ்களைப் பார்க்கிறோம். அந்த அவசரத்தில் மேனிகின் பொம்மை மேல் ஒரு தடவைகூடக் கை வைக்காமல், பணம் கட்டி கார்டு வாங்கிவிடுபவர்களும் இருக்கிறார்கள். பாடத்தைக் கம்ப்யூட்டரில் படிக்கலாம். ஆனால் பயிற்றுநர் முன்னால் செய்து காட்டாமல் அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் பிஎல்எஸ் கார்டு தருவதில்லை. செய்து காட்டாமல் கைக்கு வந்த கார்டு பொய்க் கார்டு. அதைக் கோப்பில் வைத்துக்கொண்டு ஐசியூவில் டியூட்டி பார்ப்பது பாவம். இதைவிட மென்மையாகச் சொல்ல எனக்கு மனமில்லை.

ராத்திரி 2 மணி என்று வைத்துக்கொள். முழு வார்டுக்கும் நீ ஒருத்திதான் சிஸ்டர். கடைசிக் கட்டிலிலிருந்து ஒரு பெண் ஓடி வருகிறாள்: "சிஸ்டர், அப்பா ஒரு மாதிரி இழுக்குறாரு, வந்து பாருங்க." போய்ப் பார்த்தால் வாய் திறந்து மூடுகிறது, தொண்டையில் ஒரு சத்தம், இடைவெளி விட்டு இன்னொரு இழுப்பு. பழகாத கண் இதை மூச்சு என்றே நினைக்கும். பிபி மெஷினைத் தேடும். விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் அளவு காட்டவில்லை என்று வேறு விரலுக்கு மாற்றும். ஈசிஜி எடுக்க ஆள் அனுப்பும், டியூட்டி டாக்டருக்குப் போன் போட்டுவிட்டுக் காத்து நிற்கும். அவரோ கீழே காஷுவாலிட்டியில் தையல் போட்டுக்கொண்டிருப்பார். இப்படி மூன்று நான்கு நிமிடம் போய்விடும்.

இதயம் நின்றபின் சற்று நேரம் வரும் அந்த இழுப்பு மூச்சே இல்லை. பயிற்சி எடுத்தவளுக்கு அது பார்த்ததுமே தெரியும். தோளைத் தட்டிக் கூப்பிடுவாள், கழுத்து நாடியில் விரல் வைப்பாள். 10 விநாடிக்குள் நாடி நிச்சயமாகத் தென்படாவிட்டால் மேற்கொண்டு யோசிக்கமாட்டாள். ஆளைக் கூப்பிட்டுக் கிராஷ் கார்ட்டும் டிஃபிபும் கொண்டுவரச் சொல்லிவிட்டு நெஞ்சை அழுத்தத் தொடங்குவாள். மெத்தையில் அழுத்தினால் அழுத்தத்தில் ஒரு பங்கு மெத்தைக்கே போய்விடும். அதனால் பலகை வந்ததும் அழுத்தத்தை அதிகம் நிறுத்தாமல் முதுகுக்கடியில் தள்ளுவாள். உயரம் போதாவிட்டால் ஸ்டூலில் ஏறுவாள். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஆழம் 5 செ.மீ.க்குக் குறையாமல், 6 செ.மீ. தாண்டாமல். ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பின்னும் நெஞ்சு முழுசாக மேலே வர விடவேண்டும். அப்போதுதான் இதயத்தில் மறுபடி ரத்தம் நிறையும். களைப்பில் நோயாளி மேலேயே சாய்ந்து நிற்பதுதான் பலரும் செய்யும் தப்பு. 30 அழுத்தத்துக்கு ஆம்பு பேக்கில் 2 மூச்சு. 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறவேண்டும், கை வலிக்கவில்லை என்று நீ சொன்னாலும்.

இதற்கு எந்த டாக்டரின் ஆர்டரும் வேண்டாம். இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள். அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யக்கூடிய வகையில் இதயம் நின்றிருந்தால், அழுத்தமும் டிஃபிபும் இல்லாமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. நாலைந்து நிமிடத்தில் மூளை பாதிக்கப்படத் தொடங்கும். டாக்டர் படியேறி வருவதற்குள் நடக்கவேண்டியதை நடத்த அங்கே உன்னைத் தவிர யாரும் இல்லை.

கார்டு 2 வருடம் செல்லும். கை அவ்வளவு நாள் நினைவில் வைத்திருக்காது. பயிற்சி முடிந்து 3 முதல் 6 மாதத்துக்குள்ளேயே திறமை சரியத் தொடங்குகிறது என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். உன் ஆஸ்பத்திரியில் மேனிகின் எங்காவது ஓர் அறையில் பூட்டிக் கிடக்கும். சாவியைக் கேட்டு வாங்கு. மாதத்தில் ஒரு நாள், டியூட்டி மாறும் நேரத்தில் இரண்டு பேராகச் சேர்ந்து 2 நிமிடம் அழுத்திப் பாருங்கள். அப்படியே லாரிங்கோஸ்கோப் விளக்கு எரிகிறதா, டிஃபிப் சார்ஜ் ஏறுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். விதிமுறைகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. 2010-ல் மூச்சுவழிக்கு முன்னால் நெஞ்சழுத்தம் என்று வரிசையே மாறியது. அசிஸ்டோலுக்கு வழக்கமாகப் போட்டுவந்த அட்ரோபினையும் அதே வருடம் எடுத்துவிட்டார்கள். அதற்கு முன் படித்துவிட்டுப் புதுப்பிக்காதவரின் கை இன்றும் அந்த ஆம்பியூலைத்தான் தேடும்.

எல்லாருக்கும் பிஎல்எஸ் வேண்டும். ஐசியூ, காஷுவாலிட்டி, டயாலிசிஸ் பக்கம் இருப்பவர்கள் ஏசிஎல்எஸ்சும் எடுங்கள். 1 மி.கி. அட்ரினலினை 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை போடவேண்டும் என்று சொல்லத் தெரிந்தால் போதாது. நேரத்தைக் கணக்கு வைத்து டாக்டருக்கு நினைவூட்டவும் தெரியவேண்டும். குழந்தைகள் வார்டுக்கு பேல்ஸ் (குழந்தைகளுக்கான மேம்பட்ட உயிர்காப்பு). பிரசவ வார்டில் இருப்பவர்கள் பிறந்த குழந்தைக்கு மூச்சு மீட்கும் பயிற்சி இல்லாமல் ஒரு நாளும் நிற்காதீர்கள். மத்திய அரசு இதற்கென்றே 2009-ல் நவஜாத் சிசு சுரக்ஷா திட்டத்தைத் தொடங்கியது. அமெரிக்கக் கார்டுக்குக் கட்டணம் கட்ட முடியாவிட்டால் இந்தியன் ரிசசிடேஷன் கவுன்சில் ஃபெடரேஷன் நடத்தும் பயிற்சிகளையும் விசாரியுங்கள்.

கட்டணம் என்றதும் நிர்வாகத்தில் இருப்பவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். தனியார் ஆஸ்பத்திரியில் சின்னச் சம்பளம் வாங்கும் பெண்ணிடம், சொந்தக் காசில், வார ஓய்வு நாளில் போய்க் கார்டு வாங்கி வா என்று சொல்வது நியாயமில்லை. பணத்தை நீங்கள் கட்டுங்கள். பயிற்சி நாளை டியூட்டியாகக் கணக்கெடுங்கள். அவள் கற்றுவருவது உங்கள் கட்டிலில் இருப்பவருக்காகத்தான்.

எல்லாம் சரியாகச் செய்தும் நோயாளி போய்விடுவார், தங்கச்சி. பல தடவை அப்படித்தான் நடக்கும். அமெரிக்க ஆஸ்பத்திரிகளில்கூட, உள்ளே இருக்கும்போது இதயம் நின்றவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர்தான் பிழைத்து வீடு திரும்புகிறார். இதைக் கேட்டு, என்ன செய்து என்ன ஆகப்போகிறது என்று கை தளராதே. அந்த ஒருவர் யார் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. அதனால் ஒவ்வொருவருக்கும் முழுசாகச் செய்தாக வேண்டும்.

நாளைக்கு டியூட்டிக்குப் போனதும் இன்சார்ஜிடம் அடுத்த பயிற்சி எப்போது என்று கேட்டு உன் பெயரைக் கொடுத்துவிடு. போன இடத்தில் பின் வரிசையில் உட்கார்ந்து கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வராதே. மேனிகினில் உன் அழுத்தம் சரியில்லை என்று பயிற்றுநர் சொன்னால், சரியாக வரும்வரை இன்னொரு தடவை செய்யக் கேள்.