கயிறும் மாத்திரையும்

1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு மதுவிலக்கை முதலில் சேலம் மாவட்டத்தில்தான் கொண்டுவந்தது. சட்டத்தால் அன்றி, சபதத்தால் குடியை விடுவோரும் உண்டு. கோயிலில் கயிறு கட்டிக் குடியை விட்டவர் மாத்திரையும் விழுங்கினால் அவர் விரதம் குறைபட்டதாகுமா? ஆகாது. குடியை விட உதவும் மாத்திரையான நால்ட்ரெக்ஸோன், குடி தரும் சுகத்தைத்தான் மங்கச் செய்கிறது. குவளையை விலக்கும் கை அவருடையதே. அப்படியானால் மருந்துகளைக் கூட்டினால் சபதமே வேண்டாமே என்பார்கள். அமெரிக்காவில் 1,383 பேரிடம் நடத்தி 2006இல் வெளியான ஆய்வில், நால்ட்ரெக்ஸோனுடன் அகாம்ப்ரோசேட் என்ற மருந்தைச் சேர்த்தும் கூடுதல் பயன் கிட்டவில்லை.

மனவுறுதி மட்டும் போதாதா? போதாது. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் சட்டென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். அது பக்திக் குறைவல்ல, உடலின் இயல்பு. வள்ளுவர் 93ஆம் அதிகாரத்தில் கள்ளுண்ணாமையையும் 95ஆம் அதிகாரத்தில் மருந்தையும் வைத்தார். கயிறு கட்டுங்கள், அதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள்.