பாடாண் திணையும் பதவித் துதியும்

அதிகாரத்தில் இருக்கும் ஒருவரை, அவர் அதிகாரத்தில் இருக்கும் காலத்திலேயே, மாண்டு மறைந்த ஒரு மகாபுருஷருக்கு நிகராக வைத்து நூல் எழுதுவது தர்மமா என்ற கேள்வி நம் தேசத்தில் எழ வேண்டிய அளவு எழுவதில்லை. எழ வேண்டிய சந்தர்ப்பம் வந்தாலும், அதைக் கைவிட்டு வேறொரு கேள்விக்காக இரு கட்சியாய்ப் பிரிந்து சண்டையிட்டுக் கலைந்துவிடுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. 2020 ஜனவரி 12 அன்று டில்லியில் பாரதீய ஜனதா கட்சியின் காரியாலயத்தில் ஜெய் பகவான் கோயல் என்பவருடைய இந்தி நூல் ஒன்று வெளியிடப்பட்டது. 'ஆஜ் கே சிவாஜி: நரேந்திர மோடி' என்பது அதன் பெயர், இன்றைய சிவாஜி நரேந்திர மோடியே என்பது அந்தப் பெயரின் பிரதிக்ஞை. செய்தி மஹாராஷ்டிரத்தை எட்டியதுதான் தாமதம், கண்டன ஆர்ப்பாட்டங்களும் போலீஸ் புகார்களும் கிளம்பின. இரண்டொரு நாட்களுக்குள், ஆசிரியர் நூலைத் திரும்பப் பெற்றுக்கொண்டுவிட்டார் என்றும், கட்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றும் அப்போதைய மத்திய மந்திரி பிரகாஷ் ஜாவடேகர் அறிவித்தார். ஆண்டுகள் சில கடந்த பின்னும் அந்த விவகாரம் மனத்தை உறுத்துகிறதென்றால், நூல் வந்ததாலும் அன்று, போனதாலும் அன்று. அது வந்தபோது கொண்டாடியவர்களும் போனபோது மகிழ்ந்தவர்களும் ஒரே பிழையைச் செய்தார்கள் என்பதாலேயே.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது உத்தமம். ஆள்பவரை அவர் ஆளும்போதே துதிக்கும் நூல், அவர் செவிக்குக் கசக்கும் ஒரு சொல்லையாவது தன்னுள் ஏந்தியிராவிட்டால், அறத்துக்கு மாறானது. அதனால் அநீதிக்கு உள்ளாகிறவர் ஒப்புமைக்காக இழுத்து வரப்பட்ட பழைய மன்னர் அல்லர். அவருடைய கீர்த்தி எந்தப் புத்தகத்தாலும் குறைந்துவிடாது. அநீதிக்கு உள்ளாகிறவர்கள் ஆளப்படும் ஜனங்கள்.

ஆனால் அந்த ஜனவரி மாதத்தில் நடந்த வாக்குவாதம் முழுவதும் மன்னரின் மானத்தைப் பற்றியதாகவே இருந்தது. சத்ரபதிக்கு நிகர் எவரும் இல்லை என்றது ஒரு தரப்பு. நிகராகச் சொன்னது பக்தியினால்தானே என்றது மறு தரப்பு. சிவாஜியின் வழித்தோன்றல்கள் பா.ஜ.க.வை விட்டு விலக வேண்டும் என்றார் சிவசேனையின் சஞ்சய் ராவுத். உங்கள் கட்சிக்குச் சிவாஜியின் பெயரைச் சூட்டியபோது வழித்தோன்றல்களாகிய எங்களைக் கேட்டீர்களா என்று மடக்கினார் உதயன்ராஜே போஸ்லே. 'ஜாணதா ராஜா', அதாவது அனைத்தும் அறிந்த அரசன், என்ற அடைமொழி சிவாஜி ஒருவருக்கே உரியது என்று அவர் பெயர் குறிப்பிடாமல் வீசிய அம்பு யார்மேல் தைத்தது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. என்னை அப்படி அழையுங்கள் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை என்று சரத் பவார் பதில் கூற நேர்ந்தது. இப்படியாகத் துதியைக் கண்டித்தவர்கள் வீட்டிலும் துதி இருந்தது வெளிப்பட்டதே தவிர, துதி என்ற காரியமே தகுமா என்ற விசாரணை தொடங்கவில்லை. வெளியாகி இரண்டு நாட்களில் மறைந்த ஓர் இந்தி நூலை வாங்கி, படித்து, பிறகு அபிப்ராயம் சொன்னவர்கள் எத்தனை பேர் இருந்திருக்க முடியும்? அட்டையே நூலாகிவிட்டது, அட்டையைப் பார்த்த மாத்திரத்தில் அவரவர் கட்சி அவரவர் தீர்ப்பை எழுதிக் கொடுத்துவிட்டது.

புகழ்வது குற்றம் என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை. தமிழில் அதற்கென்றே பாடாண் என்று ஒரு திணையை இலக்கண நூலார் வகுத்திருக்கிறார்கள். ஆயினும் அத்திணையைச் சொல்லும் தொல்காப்பியமே வாழ்த்தின் வகைகளைச் சொல்லும்போது, இப்போது வேம்பைப் போலக் கசந்து பின்னால் நன்மை பயக்கும் சொற்களால் அமைவது வாயுறை வாழ்த்து என்றும், பெரியோர் நடுவே அடங்கி நடக்கும்படி அரசனுக்கு அறிவுறுத்துவது செவியறிவுறூஉ என்றும் விதிக்கிறது. கசப்பையும் அறிவுரையையும் வாழ்த்துக்குள்ளேயே வைத்தவர்கள் நம் முன்னோர். இவை இலக்கணத்தோடு நின்றுவிடவும் இல்லை. வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனைப் பாடினார். அவனுடைய நாட்டையும் குடையையும் வாயாரப் புகழ்ந்தார். அந்தப் புகழின் நடுவே, மழை பொய்த்தாலும் விளைவு குன்றினாலும் உலகம் அரசனைத்தான் பழிக்கும், ஏரைச் சுமக்கும் குடிகளைக் காப்பாற்று என்று வைத்தார். பழைய நிலவரிப் பாக்கியைத் தள்ளுபடி செய்யப் பெற்றார் என்று அப்பாட்டின் அடிக்குறிப்பே கூறுகிறது. வரி விஷயத்தில் பாண்டியன் அறிவுடை நம்பியிடம் பிசிராந்தையார் யானை புகுந்த வயலைக் காட்டியதும், பகைவனின் இளஞ்சிறுவரை யானைக்காலில் இடப் புகுந்த கிள்ளிவளவனைக் கோவூர் கிழார் அவன் குலப்பெருமையைச் சொல்லியே தடுத்ததும், தொண்டைமானின் பளபளக்கும் படைக்கலங்களை மெச்சுவதுபோல் மெச்சி அவை போரையே கண்டதில்லை என்பதை ஔவையார் அவனுக்கு உணர்த்தியதும் தமிழர் அறியாதவை அல்ல. பரிசிலுக்காகவே பாடிய புலவர்களும் இருந்தார்கள், மிகைக்கு எல்லையே வைக்காத பரணிகளும் உண்டு, அதை மறைப்பானேன்? ஆனால் நாம் நினைவில் வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது எந்தப் பாட்டுக்களை என்பதில் ஒரு தீர்ப்பு அடங்கியிருக்கிறது.

வள்ளுவர் இதை அரசன் பக்கமிருந்து சொன்னார். காது கசக்கும் சொல்லைப் பொறுக்கும் பண்புள்ள வேந்தனின் குடைக்கீழ்தான் உலகம் தங்கும் என்பது அவர் வாக்கு. இடித்துரைப்பார் இல்லாத மன்னனைக் கெடுப்பதற்குப் பகைவரும் வேண்டியதில்லை, அவன் தானே கெடுவான் என்பதும் அவர் வாக்கே. வடமொழி இதிகாசங்களிலும் இதே தர்மம் பேசப்படுகிறது: இனியதையே பேசுவோர் எப்போதும் எளிதில் கிடைப்பர், இனிமையற்றதாயினும் இதமானதைச் சொல்பவனும் அரியன், கேட்பவனும் அரியன் என்று மாரீசன் இராவணனிடம் சொல்கிறான், விதுரர் திருதராஷ்டிரனிடம் சொல்கிறார். இருவர் பேச்சும் எடுபடவில்லை. இலங்கையும் அஸ்தினாபுரமும் பட்ட பாடு உலகறிந்தது.

ஒப்புமையைப் பற்றியே நேராகப் பேசியவர் சுந்தரமூர்த்தி நாயனார். வலிமையற்றவனை வீமன் என்றும் வில்லில் விசயன் என்றும், ஒன்றும் ஈயாதவனைப் பாரி என்றும் பாடித் திரியும் புலவர்களைத் திருப்புகலூர்ப் பதிகத்தில் அவர் விளித்து, அப்படிப் பாடினாலும் அவர்கள் உங்களுக்குக் கொடுக்கப்போவதில்லை, இறைவனைப் பாடுங்கள் என்று அறிவுறுத்துகிறார். இன்றைய மனிதனுக்கு நேற்றைய வீரனின் பெயரைச் சூட்டும் வித்தை எவ்வளவு பழையது என்பதும், அதைச் சான்றோர் எவ்வளவு காலமாகக் கண்டித்து வந்திருக்கிறார்கள் என்பதும் இதனால் விளங்கும். நம்மாழ்வார் இன்னும் ஒருபடி மேலே போய், மானிடரைப் பாடுவதற்காகத் தாம் கவியாகவில்லை என்றே மறுத்துவிட்டார். குடியரசில் எல்லோரும் நம்மாழ்வாராக இருக்க முடியாது; ஆள்பவரைப் பற்றி எழுதத்தான் வேண்டும். எழுதுகிறவர் எதற்குக் கடன்பட்டவர் என்பதே கேள்வி.

ராஜஸ்துதிக்குச் சிவாஜியின் போஸ்லே வம்சத்திலிருந்தே ஓர் உதாரணம் நம் தஞ்சாவூரில் இருக்கிறது. பெரிய கோயிலின் சுவரில் 1803-இல் மராட்டிய மொழியில் ஒரு நீண்ட சாசனம் பொறிக்கப்பட்டது. சிவாஜி உள்ளிட்ட முன்னோர் முதல் அக்காலத்து மன்னர் சரபோஜி வரையில் வம்ச சரித்திரத்தை விரித்துரைக்கும் அந்தச் 'சரித்திர'த்தை எழுதியவர் சரபோஜியின் காரியதரிசியான பாபுராயர். எழுதியவர் சம்பளக்காரர், எழுதப்பட்டவர் எஜமானர். அதற்கு நான்காண்டு முன்னரே, 1799-இல், ராஜ்யபாரம் உடன்படிக்கையின் வழியே கும்பெனியிடம் போய்விட்டது. கோட்டையும் பட்டமும் மானியமுமே மிச்சம். அதிகாரம் போன பிறகே வம்சப் பெருமை கல்லில் ஏறியது என்பது சிந்திக்கத்தக்கது. எஜமானருடைய அரியணை உரிமைக்கு வழக்காடும் அதை இன்று படிப்பவர்கள் சரித்திரத்துக்குச் சான்றாகக் கொள்ளும் முன் கும்பெனிக் கடிதங்களோடு ஒத்துப்பார்க்கிறார்கள். இருநூறு ஆண்டு பொறுத்துப் படிக்கிறவருக்கு அந்த வசதி உண்டு. சமகாலத்தவனுக்கு ஏது? அவன் துதிக்கப்படுகிறவரின் கையெழுத்தின் கீழ் அன்றாடம் வாழ்கிறவன்.

மும்பையின் கிழக்கு ஓரத்தில், துறைமுக ரயில் பாதையில் இருக்கும் மான்குர்த்தை எண்ணிப் பார்த்தால் இது தெளிவாகும். அங்குள்ள சட்டசபைத் தொகுதிக்கே மான்குர்த் சிவாஜி நகர் என்று பெயர். 1927 முதல் நகரத்துக் குப்பையைச் சுமக்கும் தேவ்னார் மேட்டின் அடிவாரத்தில் இருக்கும் குடியிருப்பு சிவாஜி நகர். காட்கோபர்–மான்குர்த் மேம்பாலத்துக்கு ஒரு தரப்பு க்வாஜா மொய்னுத்தீன் சிஷ்தியின் பெயரையும் மறு தரப்பு சிவாஜியின் பெயரையும் முன்வைத்து வாதாட, 2021 ஆகஸ்ட் 1 அன்று அது சிவாஜியின் பெயரோடே திறக்கப்பட்டது. 2025 மார்ச்சில் அத்தொகுதியின் உறுப்பினர் அபு ஆஸ்மி ஔரங்கசீபைப் புகழ்ந்து பேசினார் என்பதற்காக, தம் வார்த்தைகள் திரிக்கப்பட்டன என்று சொல்லி அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்ட பின்னும், சபைக் கூட்டத்தொடர் முடியும்வரை நீக்கிவைக்கப்பட்டார். தெருமுனைப் பேனர்களில் வார்டு கவுன்சிலரும் 'கார்யசம்ராட்', எம்.எல்.ஏ.வும் 'கார்யசம்ராட்', சக்கரவர்த்திகளுக்குக் குறைவில்லாத அந்தப் பேட்டையில் குழாயில் தண்ணீருக்குத்தான் குறைவு.

அவ்வூர் துதியின் விலையை அனுபவத்தில் அறிந்த ஊர். இந்திராவே இந்தியா, இந்தியாவே இந்திரா என்று காங்கிரஸ் தலைவர் தேவகாந்த பரூவா முழங்கிய காலத்தில், மான்குர்த்துக்கு அருகே ஜனதா காலனி என்ற பெரிய குடியிருப்பு, தமிழர் பலர் வாழ்ந்தது, அணு ஆராய்ச்சி மையத்தின் தேவைக்காக இடிக்கப்படவிருந்தது. கோலார் தங்கவயலில் பிறந்து அங்கு வந்து சேர்ந்து, அம்மக்களின் தலைவரான ஜோக்கின் அற்புதம் டில்லிவரை சென்று பிரதமரையே சந்தித்து முறையிட்டதைப் பின்னாளில் எழுதியிருக்கிறார். பயன் என்ன? நெருக்கடி நிலையின்போது, 1976 மே மாதத்தில், காலனி தரைமட்டமாயிற்று. சுமார் 70,000 பேர் சீத்தா கேம்ப்புக்கு ஏற்றி அனுப்பப்பட்டார்கள். இடிப்புக்குத் துதிதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. நாடும் தலைவியும் ஒன்றே என்று ஆகிவிட்ட இடத்தில், தலைவியிடம் குறை சொல்ல வந்தவன் நாட்டின்மேல் குறை சொன்னவன் ஆகிவிடுகிறான். அவன் குரல் ஏற வழியில்லாமல் போகிறது. அன்று துதித்தவர்கள் ஒரு கட்சி, இன்று துதிப்பவர்கள் வேறொரு கட்சி. அதர்மத்துக்குக் கட்சி கிடையாது.

எழுதும் உரிமை என்று ஒன்று உண்டே என்பார் சிலர். உண்டு, மறுக்கவில்லை. ஜேம்ஸ் லெய்ன் சிவாஜியைப் பற்றி எழுதிய நூலுக்காக 2004 ஜனவரி 5 அன்று புனேயின் பண்டார்க்கர் ஆராய்ச்சி நிலையத்தைச் சூறையாடி அரிய சுவடிகளை நாசமாக்கியதையும், அந்நூலுக்கு மாநில அரசு விதித்த தடை செல்லாது என்று 2010-இல் சுப்ரீம் கோர்ட்டு உறுதிசெய்ததையும் மறந்தவர்கள் மறுபடி படிக்கட்டும். கோயலின் நூலையும் மிரட்டித் திரும்பப் பெறச் செய்தது சரியன்று. ஆனால் உரிமை உள்ளதெல்லாம் தகுதி உள்ளதாகிவிடாது. சட்டம் விட்டுவிட்டதை அறம் கேட்கத்தான் செய்யும்.

உண்மையாகவே ஒருவரைச் சிவாஜியோடு ஒப்பிட விரும்புகிறவர்களுக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. 1670-களில் சிப்ளூணில் தங்கியிருந்த தம் குதிரைப்படை அதிகாரிகளுக்கு மன்னர் அனுப்பிய கடிதம் அது. மழைக்காலத்துக்கென்று சேர்த்த தீனியையும் தானியத்தையும் இப்போதே செலவழித்துவிட்டால் பிறகு குதிரைகள் பட்டினி கிடக்கும். நீங்கள் குடியானவர்களிடம் போய் ஒருவனிடம் தானியம், ஒருவனிடம் ரொட்டி, ஒருவனிடம் புல், விறகு, காய்கறி என்று பிடுங்கத் தொடங்குவீர்கள். இவர்களைவிட மொகலாயரே மேல் என்று குடிகள் சொல்வார்கள் என்று அதில் எச்சரித்திருக்கிறார். இரவில் விளக்கை அணைக்காமல் விட்டால் எரியும் திரியை எலி இழுத்துப்போய் வைக்கோலில் போட்டுவிடும் என்பதுவரை எழுதியிருக்கிறார். தம் சேனையைப் பகைவனின் சேனையோடு ஒப்பிட்டு, தம் பக்கமே தாழ்ந்துபோகலாம் என்று தாமே எழுதிய மன்னர் அவர். இன்றைய சிவாஜி இன்னார் என்று எழுதப் புகும் ஆசிரியர், அந்த இன்னார் தம்முடைய அதிகாரிகளுக்கு எழுதிய இப்படிப்பட்ட கடிதத்தை முதல் பக்கத்தில் அச்சிடட்டும். இல்லை என்று எதிர்ப்பவரும் தம் தலைவர் எழுதிய ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு வாதத்துக்கு வரட்டும். சீத்தா கேம்ப்பிலும் சிவாஜி நகரிலும் அதைப் படிக்க ஆள் இருக்கிறார்கள்.