ஊறலிலேயே கொட்டுவது

கள்ளக்குறிச்சி பக்கத்துக் கல்வராயன் மலைக்குக் கள்ளச்சாராய வேட்டைக்குப் போகும் போலீசார் சாராயத்தை மட்டும் தேடுவதில்லை, ஊறலையும் தேடுகிறார்கள். ஓடைக்கரையில், புதர் மறைவில், பிளாஸ்டிக் பேரலில் வெல்லமும் மரப்பட்டையும் தண்ணீரில் கிடந்து சில நாள் நுரைத்துப் புளிக்கும். அது இன்னும் சாராயம் ஆகவில்லை. அடுப்பு மூட்டவில்லை, யாரும் குடிக்கவும் இல்லை. ஆனாலும் பேரலைக் கவிழ்த்து அந்த இடத்திலேயே கொட்டி அழிக்கிறார்கள். மறுநாள் பேப்பரில் இத்தனை லிட்டர் ஊறல் அழிப்பு என்று நாலு வரிச் செய்தி வரும். காய்ச்சி இறக்கி, டியூபில் அடைத்து, அடிவாரம் சேர்ந்த பிறகு பிடிப்பது எத்தனை பாடு என்பது அவர்களுக்குத் தெரியும்.

யாக்கோபு தம் நிருபத்தின் முதல் அதிகாரத்தில் பாவத்தின் பிறப்பைக் கர்ப்பத்துக்கு ஒப்பிடுகிறார். அவர் சொல்லும் வரிசையில் ஆசைதான் முதலில் நிற்கிறது. செயல் பிறகுதான் வருகிறது. நம் பிரசங்கங்களோ பெரும்பாலும் கடைசி நிமிடத்தையே பேசுகின்றன. டம்ளர் கையில் இருக்கும் நொடி, அந்த நொடியின் மன உறுதி, வேண்டாம் என்ற ஒரு சொல். அந்த நொடி வருவதற்கு நாலு நாள் முன்பே ஊறல் போட்டாகிவிட்டது என்பதை யாரும் சொல்வதில்லை.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. உடலுக்குள் போன மெத்தனால் ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் கண் நரம்பைத் தாக்கும். பார்வை மங்குகிறது என்று சொன்னவர்கள் அடுத்து மூச்சுக்குத் திணறினார்கள். முதலில் இறந்தவரின் சாவு எதனால் என்று தெரியாமல், துக்கத்துக்கு வந்தவர்களும் அதே சாராயத்தைக் குடித்தார்கள் என்று அப்போது செய்திகள் வந்தன.

குடிகாரர்கள்தானே என்று அன்றைக்கு வாய் கூசாமல் பேசியவர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு. அவர்கள் லூக்கா 13-ஆம் அதிகாரத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் எருசலேமின் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று தாமே பதிலும் சொன்னார் இயேசு. விஷத்தைக் கலந்து விற்றவனின் குற்றம் வேறு, குடிக்காமல் இருக்க முடியாதவனின் பலவீனம் வேறு. ஊறலோடு சேர்த்தே பேசப்படும் மலைவாழ் மக்களுக்கும் இதே நியாயம் வேண்டும். சாலையும் ஆஸ்பத்திரியும் சரியாகப் போய்ச் சேராத அவர்கள் நிலையை, இந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து விசாரித்தது.

கருணாபுரத்தின் அந்தத் துக்க வீட்டைத்தான் மனசு சுற்றிச் சுற்றி வருகிறது. இரவு முழுக்கத் தூக்கமில்லை. வயிற்றில் ஒன்றுமில்லை. அழுது தொண்டை கட்டியிருக்கிறது. தோளில் கை போட்டு ஒருவர் அழைக்கிறார். அந்த வேளையில் எந்த மனிதனும் உட்கார்ந்து யோசிக்க மாட்டான். யோசனை அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

தமிழில் சோதனை என்ற ஒரே சொல் பல வேலை செய்கிறது. ரத்தப் பரிசோதனையும் சோதனைதான், போலீஸ் ரெய்டும் சோதனைதான், மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்துவதும் சோதனைச் சாவடிதான். பரமண்டல ஜெபத்தில் நாம் விலக்கக் கேட்பதும் அதே சோதனை. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லுக்கும் இப்படி இரு முகம் உண்டு. ஆளைப் புடம்போட்டுப் பார்ப்பது, ஆளைக் கவிழ்க்கப் பார்ப்பது. சாவடி எப்போதும் ஊருக்கு முன்பே இருக்கிறது என்பது இங்கே கவனிக்க வேண்டிய விஷயம்.

வனாந்தரத்தில் 40 நாள் பசித்திருந்த இயேசு மூன்று முறை பதில் சொல்கிறார். மூன்றும் உபாகமத்திலிருந்து, கத்தோலிக்கர் இணைச்சட்டம் என்று சொல்லும் நூலின் 6, 8 அதிகாரங்களிலிருந்து வந்தவை. பசியோடு இருந்த அந்த வேளையில் புதிதாக அவர் எதையும் தேடவில்லை. சிறுவயதிலிருந்தே நெஞ்சில் இருந்தது நாவுக்கு வந்தது. நாலாம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த துறவி எவாகிரியுஸ் இதைப் பார்த்துத்தான் ஒரு நூலே செய்தார். பெருந்தீனி, பொருளாசை, கோபம், சோர்வு முதலான எட்டு வகை எண்ணங்களைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எந்த வசனத்தை எடுத்துப் பேச வேண்டும் என்று நூற்றுக்கணக்கில் தொகுத்தார். அவர் பட்டியலில் இருப்பவை செயல்கள் அல்ல, எண்ணங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அவரும் ஊறலைத்தான் தேடினார்.

கள்ளக்குறிச்சியிலிருந்து வெகுதூரம் போக வேண்டாம், விருத்தாசலம் பக்கம் கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதா கோயிலை எழுப்பிய வீரமாமுனிவரிடமும் இந்த வழி இருந்தது. தேம்பாவணி பாடிய அதே கை, உபதேசியார்களுக்காக வேதியர் ஒழுக்கம் என்ற நூலையும் எழுதியது. அவர் இயேசு சபைத் துறவி. அந்தச் சபையார் எல்லோரும் சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் ஆன்மப் பயிற்சியில் பழகியவர்கள். அதில் ஒரு சின்ன ஏற்பாடு உண்டு. விட வேண்டிய குறை ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும், பத்தை அல்ல. காலையில் எழுந்ததும் அதை நினைத்துக்கொள்வது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு முறை, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு முறை கணக்குப் பார்ப்பது. தாளில் நாளுக்கு இரண்டு கோடு. விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் கோட்டில் ஒரு புள்ளி. முதல் கோட்டைவிட இரண்டாம் கோட்டில் புள்ளி குறைந்ததா, நேற்றைவிட இன்று குறைந்ததா என்று பார்க்க வேண்டும். விழுந்த கணத்தில் கையை நெஞ்சில் வைத்துக்கொள்ளலாம். நாலு பேர் நடுவிலும் யாருக்கும் தெரியாது. மளிகைக்கடை நோட்டைப் போல எளிமையான இந்தக் கணக்கு ஏழாம் நாள் ஒன்றைக் காட்டிக்கொடுக்கும். புள்ளிகள் வாரம் முழுக்கச் சமமாக விழுவதில்லை. கூலி கைக்கு வரும் சனிக்கிழமை சாயங்காலமாக இருக்கலாம், மனைவியோடு சண்டை போட்ட இரவாக இருக்கலாம், குறிப்பிட்ட ஒரு நண்பரின் பைக்கில் ஏறிய நாளாக இருக்கலாம். கோட்டையின் பலவீனமான மதிலைத்தான் எதிரி சுற்றிப் பார்த்துத் தாக்குவான் என்று இஞ்ஞாசியார் எழுதியது இதைத்தான். அவர் ஒரு சிப்பாய். முற்றுகைப் போரில் காலில் குண்டடி பட்டவர்.

சோதனைக்காரன் எல்லாவற்றுக்கும் மேலாக ரகசியத்தை விரும்புவான், விஷயம் வெளியே சொல்லப்பட்டால் அவன் திட்டம் கெடும் என்றும் அவர் எழுதியிருக்கிறார். 1935 மே மாதம் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இது கண்ணெதிரே நடந்தது. பில் வில்சன் என்ற வியாபாரி, குடியை விட்டுச் சில மாதமே ஆனவர், தொழில் தோற்றுப்போய் ஓட்டல் முகப்பில் தனியாக நின்றார். ஒரு பக்கம் பாரிலிருந்து சிரிப்புச் சத்தம், மறுபக்கம் டெலிபோன். அவர் பாருக்குப் போகாமல் ஊரிலிருந்த ஒரு பாதிரியாருக்குப் போன் செய்து, தன்னைப் போல் குடியோடு போராடும் ஒருவரிடம் பேச வேண்டும் என்றார். அந்த அழைப்பு அவரை டாக்டர் பாப் என்பவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. குடியை விட முயல்வோர் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அப்படித்தான் பிறந்தது.

நம் பக்கத்தில் விரதத்துக்குப் பஞ்சமில்லை. சபரிமலைக்கு மாலை போட்டவர் 41 நாள் தொடமாட்டார். காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடப்பவரும் தொடமாட்டார். தவக்காலத்தில் சாராயத்தை மறந்த குடும்பத் தலைவர்கள் ஏராளம். அது வீண் என்று சொல்ல முடியாது. முடியும் என்று உடம்புக்குத் தெரிவதே பெரிய காரியம். ஆனால் மாலையைக் கழற்றிய மறுநாளுக்கும், ஈஸ்டருக்கு அடுத்த வாரத்துக்கும் யாரும் ஏற்பாடு செய்வதில்லை. வனாந்தரக் கதையை முடிக்கும்போது லூக்கா, சோதனைக்காரன் விலகியது கொஞ்ச காலத்துக்குத்தான் என்று குறித்து வைத்திருக்கிறார்.

சட்டமும் தன் பங்கைச் செய்தது. கருணாபுரத்துக்குப் பிறகு தமிழக மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டு, உயிர்ப்பலி ஏற்பட்டால் ஆயுள் தண்டனை வரை கொண்டுவரப்பட்டது. சபைகள் செய்யக்கூடியது அதைவிடச் சிறியது. ஊரில் சாவு விழுந்தால் அன்றிரவு அந்த வீட்டுத் திண்ணையில் விடிய விடிய உட்காரப்போகும் இரண்டு பேர் யார், கறுப்புக் காப்பி போட அடுப்பு எங்கே, பசியோடு இருக்கும் ஆண்களுக்கு இட்லி எந்த வீட்டிலிருந்து வரும், விடும் முயற்சியில் இருப்பவரின் பக்கத்தில் யார் உட்காருவது என்பதை எல்லாம் சாவு விழாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து எல்லோரும் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போதே பேசி வைத்துவிடலாம்.