வலிக்கு முன் வரும் செய்தி

நம் இல்லங்களில் ஒரு வழக்கம் உண்டு. பெரியவர் ஒருவருக்குப் புற்றுநோய் எனத் தெரிந்தால், மருத்துவர் அவருடைய மகனைத் தனியே அழைத்துச் சொல்வார். மகன் தாயிடம் பாதியைச் சொல்வான். நோயுற்றவரிடமோ எவரும் சொல்வதில்லை. அவருக்கு அது முன்னரே தெரிந்திருக்கும் என்பது வேறு செய்தி. இம்மௌனம் அன்பா, அச்சமா என்னும் வினாவுக்கு நாம் இன்னும் விடை கண்டோமில்லை. அதற்குள் அவ்வினாவையே தலைகீழாக்கும் முயற்சி ஒன்று ஆய்வுக்கூடங்களில் நடைபெறுகிறது. இருமலோ வலியோ தோன்றுமுன்னரே, சிறிதளவு குருதியைக் கொண்டு நுரையீரல் புற்றுநோயைக் கண்டறியும் முயற்சி அது.

நுரையீரல் தன் துன்பத்தை எளிதில் காட்டிக்கொடுப்பதில்லை. பெரும்பாலோருக்கு நோய் பரவிய பின்னரே அது வெளிப்படுகிறது. எனினும் புற்றுக்கட்டி தன் மரபணுத் துணுக்குகளையும் புரதங்களையும் குருதியில் சிந்துகிறது. தொடக்கத்தில் அவற்றின் அளவு மிகச் சொற்பம். ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பகுத்தால் கிடைப்பது ஒரு நானோமீட்டர். அத்தகைய அளவிலான துகள்களைக் குருதியில் கலந்தால், அவை புரதங்களைப் போர்வைபோல் தம்மீது போர்த்திக்கொள்கின்றன. நோயுற்றவரின் போர்வைக்கும் நலமுள்ளவரின் போர்வைக்கும் உள்ள வேறுபாட்டைப் படிப்பது ஒரு முறை. பொன்துகள்களின் நிறமாற்றத்தைக் கொண்டு அறிவது மற்றொன்று. (4ஆம் நூற்றாண்டு ரோமானியக் கைவினைஞர்கள் கண்ணாடியில் இத்தகைய துகள்களைக் கலந்து செய்த கிண்ணம் ஒன்று லண்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. வெளியிலிருந்து ஒளி பட்டால் பச்சை; உள்ளிருந்து ஒளி வந்தால் சிவப்பு.) இக்குருதிச் சோதனைகளுள் பெரும்பாலானவை இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளன.

முன்னரே அறிவது நன்மை என்பதில் ஐயமென்ன என்று கேட்கலாம். 1971இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை தொடங்கிய ஆய்வை நினைவுகூர்வோம். புகைபிடிக்கும் ஆடவருள் ஒரு பிரிவினருக்கு நான்கு திங்களுக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுத்து, சளியையும் சோதித்தனர். அப்பிரிவில் மிகுதியான புற்றுநோய்கள் கண்டறியப்பட்டன. நோய் அறிந்தபின் வாழ்ந்த காலமும் நீண்டது. ஆயினும் இறந்தோர் தொகை குறையவில்லை. எழுபதில் இறக்கவிருக்கும் ஒருவர் அறுபத்தொன்பதில் அறிந்தால் ஓராண்டு வாழ்ந்தார் என்போம். அறுபத்து நான்கில் அறிந்தால் ஆறாண்டு என்போம். நீண்டது ஆயுளன்று, அச்சத்தோடு வாழ்ந்த காலமே.

பின்னர் நிலை மாறியது. 53,000 பேருக்கு மேல் பங்கேற்ற அமெரிக்க ஆய்வு ஒன்று, குறைந்த கதிர்வீச்சுள்ள சிடி ஸ்கேன் மூலம் இந்நோயால் நேரும் இறப்பு 20 விழுக்காடு குறைந்ததென 2011இல் காட்டியது. மகிழத்தக்க செய்தியே. ஆனால் அதே ஆய்வில், 'ஐயத்திற்குரியது' என வந்த முடிவுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு புற்றுநோயன்று எனப் பின்னர் தெளிந்தது. தெளியும்வரை அவர்கள் கழித்த இரவுகளை எந்த அட்டவணையும் கணக்கிடவில்லை.

குருதிச் சோதனை இத்துன்பத்தைக் குறைக்கும் என்கின்றனர். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் பேரில் பத்துப் பேருக்கு நோய் இருப்பதாகவும், சோதனை நூற்றுக்குத் தொண்ணூறு முறை சரியாகச் சொல்வதாகவும் கொள்வோம். நோயுள்ளோரில் ஒன்பது பேர் அகப்படுவர், ஒருவர் தப்பிவிடுவார், நோயற்ற தொண்ணூற்றொன்பது பேர் வீணே கலங்குவர். ஒன்பது பேரின் உயிர் இக்கலக்கத்திற்கு ஈடாகும் என்பதே நம் எண்ணம். ஆயினும் அக்கலக்கத்திற்கு யார் பொறுப்பு? முகாம் நடத்திக் குருதி எடுத்து, ஒரு தாளைக் கையில் தந்துவிட்டு வண்டியேறிச் செல்வோரை நாம் ஏற்கவியலாது. அடுத்த ஸ்கேனுக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் வழியில்லாதவரிடம் 'உமக்கு நோய் இருக்கலாம்' என்று மட்டும் சொல்வது மருத்துவமாகாது. கேள்வி கேட்டவர் விடை தெளியும்வரை உடனிருக்கக் கடமைப்பட்டவர்.

நம் மௌனத்திற்கும் இங்கே இடமில்லாமற் போகும். நலமாக நடமாடும் ஒருவர் தாமே சென்று குருதி கொடுத்து, முடிவையும் தாமே வாங்கிப் பிரிக்கும் நாளில், மருத்துவர் தனியே அழைத்துச் சொல்ல வாயிலில் மகன் எவனும் நின்றிருக்கமாட்டான்.