கண்ணாடிக்கு முன் நிற்கும் உழைப்பு

அய்யா உண்டு.



சாமித்தோப்புப் பதிக்கு வருகிறோம். முத்திரிக் கிணற்றில் குளிக்கிறோம். ஆண்கள் தலைப்பாகை கட்டுகிறோம். நெற்றியில் திருநாமம் இட்டுப் பள்ளியறை முன் நிற்கிறோம். அங்கே நாம் காண்பது என்ன? இரு விளக்குகளின் நடுவே ஒரு கண்ணாடி. அதிலே நம் முகம்.

இறைவன் உனக்குள்ளே இருக்கிறான் என்று அந்தக் கண்ணாடி சொல்கிறது. உண்மைதான். ஆனால் அது இன்னொன்றையும் கேட்கிறது: "இந்த முகம் நேற்றுச் சந்தையில் என்ன செய்தது?" இந்த இரண்டாவது கேள்விக்குப் பயந்து, கும்பிட்ட வேகத்தில் திரும்பிவிடுகிறவர்கள் நம்மில் பலர். நானும் ஒரு காலத்தில் அப்படித் திரும்பியவன்தான்.

எங்கள் வீடு பனையேறிய வீடு. பாட்டா அதிகாலையில் பனையேறி அக்கானி இறக்குவார். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு பூசும் அளவு அவருக்குக் கைப்பழக்கம். சுண்ணாம்பு குறைந்தால் அக்கானி புளித்துக் கள்ளாகும். கூடினால் கருப்பட்டியின் ருசி கெடும். விடிலியில் பாட்டி காய்ச்சி, பதம் பார்த்து, சிரட்டையில் ஊற்றி எடுப்பாள்.

நான் தலையெடுத்து வியாபாரத்தைப் பார்த்தபோது, கருப்பட்டி வாங்கும் கடைக்காரர் ஒருவர் ஒரு வழி சொன்னார். அக்கானியோடு சீனியைச் சேர்த்துக் காய்ச்சு, எடையும் கூடும், பளபளப்பும் வரும் என்றார். ஒரு பருவம் அப்படியே செய்தேன். பணம் வந்தது. பாட்டா ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்தார். கோபப்படவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இதுல ஒரு கொட்டான் எடுத்து, ஞாயித்துக்கிழமை நம்ம தாங்கல்ல அய்யாவுக்கு முன்னால வைப்பியா மக்கா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அய்யாவுக்கு முன்னால் வைக்கக் கூசும் பொருளை, அய்யா குடியிருக்கும் மனிதருக்கு எப்படி விற்றேன்? வாங்கித் தின்ற பிள்ளைகளின் முகமும் அதே கண்ணாடியில் தெரிய வேண்டிய முகம் அல்லவா?

மக்களே, அடுத்த பருவம் சீனியை நிறுத்தினேன். உடனே எல்லாம் நன்றாக நடந்தது என்று சொன்னால் அது பொய். சுத்தக் கருப்பட்டி கறுத்து, மங்கலாக இருந்தது. விலையும் கூடுதல். பழைய கடைக்காரர்கள் இரண்டு பேர் கைவிட்டார்கள். நேர்மையாக இருந்தால் பிழைக்க முடியாது என்று வீட்டிலேயே பேச்சு வந்தது.

அப்போதுதான் முத்திரிக் கிணறு என் நினைவுக்கு வந்தது. நம் முன்னோர் பொதுக் கிணற்றில் நீர் எடுக்கத் தடை இருந்த காலம் அது. பனையேறும் ஏணிக்கும் தளைக்கும் கூட வரி கொடுத்த காலம். அய்யா வைகுண்டர் என்ன செய்தார்? தடுத்தவன் கிணற்றின் கரையில் நின்று அவர் கெஞ்சவில்லை. பதினெட்டுச் சாதியும் ஒன்றாக நீர் மொள்ளத் தனிக் கிணறு உண்டாக்கினார். தலைப்பாகை கட்டக் கூடாது என்றிருந்த சனத்தை, தலைப்பாகை கட்டி வணங்கச் சொன்னார். ஒரு வழி அடைபட்டால் தர்மம் அடைபட்டதாகாது. புதிய வழியை நினைக்கும் புத்தியையும் அய்யாதான் தந்திருக்கிறார்.

நானும் யோசித்தேன். வாங்குகிறவர்களை விடிலிக்கே வரச் சொன்னேன். காய்ச்சும்போது பக்கத்தில் நின்று பார்க்கட்டும், பதநீர் குடித்துப் பார்க்கட்டும் என்றேன். பெரிய வட்டு வாங்க முடியாத ஏழை வீட்டுக்காகச் சின்னச் சிரட்டையில் ஊற்றினேன். மெல்ல மெல்ல ஆள் வந்தது. இன்று பெரிய பணம் இல்லை, ஆனால் கடன் இல்லை. ராத்திரி தூக்கம் உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கூலி இல்லாமல் ஊழியம் செய்து முதுகு வளைந்த சனத்தின் பேரப்பிள்ளைகள் நாம். அந்த நாம், நம்மிடம் வேலை செய்கிறவரை "நாளைக்கு வா" என்று அலைய விடலாமா? அவர் வீட்டு அடுப்பு இன்றைக்கல்லவா எரிய வேண்டும்? பாதிக் கூலியைப் பிடித்து வைத்துவிட்டுத் தாங்கலில் அன்னதர்மத்துக்கு அரிசி கொடுத்தால், அந்த அரிசி யாருடையது? யோசித்துப் பாருங்கள்.

தர்மம் உகப்படிப்போடும் உச்சிப்படிப்போடும் முடிந்துவிடுவதில்லை. தராசிலும், தறியிலும், வயலிலும், அலுவலக மேசையிலும் அது தொடர வேண்டும். கலி வெளியே கொம்போடு நிற்கவில்லை. "எல்லாரும் செய்கிறார்கள், நீயும் செய்" என்று காதில் சொல்வதே கலி.

ஆகவே, இன்றிரவு படுக்கும் முன் உங்கள் வீட்டுக் கண்ணாடி முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். இன்று என் கையால் செய்த வேலையை அய்யாவுக்கு முன் வைக்க முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால் நிம்மதியாகத் தூங்குங்கள். முடியாது என்றால் மனம் உடைய வேண்டாம். பொறுமையோடு வழி தேடுங்கள். தேடுகிறவனுக்கு அய்யா துணை உண்டு.

அய்யா உண்டு.