பிச்சைப் பாத்திரமும் விலைப்பட்டியலும்

பாங்காக்கில் பொழுது விடியும் வேளையில் ஒரே நடைபாதையில் இரண்டு விதமாக உணவு கைமாறுகிறது. காவி உடுத்த பிக்கு வெறுங்காலோடு வந்து நிற்கிறார். வாய் திறந்து எதையும் கேட்பதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் காத்திருந்த பெண்மணி, ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கிய குழம்புப் பொட்டலத்தையும் சூடான சோற்றையும் பாத்திரத்தில் இட்டுக் கும்பிடுகிறார். பிக்கு வாழ்த்திவிட்டு அடுத்த வாசலுக்கு நகர்கிறார். நாலடி தள்ளி நிற்கும் தள்ளுவண்டியில் வெளியூர்ப் பயணி ஒருவர் பன்றி இறைச்சி உருண்டை போட்ட அரிசிக் கஞ்சி கேட்கிறார்: முட்டை ஒன்று உடைத்து ஊற்ற வேண்டும், இஞ்சி தூக்கலாக வேண்டும், ஈரல் வேண்டாம். இருவரும் உண்பது ஒரே சந்தையில் வெட்டி விற்ற ஒரே பன்றியின் இறைச்சியாக இருக்கலாம். அதன் சாவில் இவர்களுக்குப் பங்கு உண்டா? தாய்லாந்தில் சாதாரண மக்கள் சொல்லும் விடை, கொன்றவனுக்கே பாவம், உண்டவனுக்கு இல்லை என்பது. பாத்திரம் ஏந்தியவருக்கு அந்த விடை பொருந்துகிறது. விலைப்பட்டியலைப் பார்த்துக் கேட்டு வாங்குகிறவருக்கு அது பொருந்தாது என்பதே என் வாதம். பௌத்த நூல்களையும், தாய்லாந்து மக்கள் நாள்தோறும் செய்கிறவற்றையும் வைத்தே இதைச் சொல்ல முடியும்.

அந்த விடைக்கு அடிப்படையான விதி பிறந்த இடத்தை முதலில் பார்க்க வேண்டும். பிக்குகளுக்கான ஒழுக்க விதிகளைக் கூறும் விநய பிடகத்தின் மகாவக்கத்தில் வைசாலியின் படைத்தலைவன் சீகனின் கதை வருகிறது. சமணரைப் பின்பற்றி வந்த அவன் புத்தரிடம் வந்து சேர்ந்து, அவருக்கும் பிக்குகளுக்கும் விருந்து வைத்தான். சந்தையில் ஏற்கெனவே இருக்கும் இறைச்சியை வாங்கிவர ஆளனுப்பினான். அன்று சமணத் துறவிகள் வைசாலியின் தெருத்தெருவாகக் கைகளை உயர்த்தியபடி சென்று, கௌதமருக்காகச் சீகன் பெரிய விலங்கைக் கொன்றிருக்கிறான், தெரிந்தே அவர் அதை உண்கிறார் என்று முறையிட்டார்கள். இதன் பிறகே புத்தர் விதி வகுத்ததாக நூல் சொல்கிறது. தனக்கென்று கொல்லப்பட்டதைப் பிக்கு கண்டிருந்தாலோ, கேட்டிருந்தாலோ, ஐயப்பட்டாலோ அந்த இறைச்சி ஆகாது. இந்த மூன்றும் இல்லையென்றால் மீனும் இறைச்சியும் ஏற்கத்தக்கவை. மீனையும் இறைச்சியையும் பிக்குகளுக்கு அடியோடு விலக்க வேண்டும் என்று தேவதத்தன் என்ற பிக்கு கேட்டபோதும் புத்தர் இதையே திருப்பிச் சொல்லி மறுத்தார்.

மறுத்ததில் ஆழ்ந்த நியாயம் இருக்கிறது. பிச்சை எடுத்து வாழ்கிறவர் இது வேண்டும், அது வேண்டாம் என்று சொல்லத் தொடங்கினால், அந்த நொடியே அவர் இரவலர் அல்ல, வாடிக்கையாளர். ஏழை வீட்டில் மீன் தலை போட்ட குழம்புதான் இருக்கிறது என்றால் அதை ஏற்பதே அந்த வீட்டுக்கு அவர் செய்யும் மரியாதை. அவர் வராவிட்டாலும் அந்த வீட்டில் அந்தக் குழம்பு கொதித்திருக்கும். அவர் தன் விருப்பத்தை முழுதுமாகக் கைவிட்டுவிட்டார். கைவிட்டதனால்தான் பொறுப்பும் அவரை விட்டு நீங்குகிறது. மூன்று நிபந்தனைகளையும் தாங்கி நிற்கும் தூண் இந்தத் துறப்புத்தான். அதை எடுத்துவிட்டு நிபந்தனைகளை மட்டும் இல்லறத்தார் எடுத்துக்கொள்வது, விரதம் இருக்காதவர் பாரணைக்கு உட்காருவது போன்றது.

பாங்காக்கில் ஒரு நாள் முழுக்க வெளியில் சாப்பிடுகிறவர் எங்கெங்கே நிற்கிறார் என்று பார்ப்போம். நண்பகலில் பிரதூநாம் பக்கம் போனால் கோழிச் சாற்றில் வெந்த சோற்றின் மேல் கோழியை அரிந்து வைத்துத் தருகிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வெந்த கோழிகள் கழுத்தில் கொக்கி மாட்டித் தொங்குகின்றன. கனத்த கத்தி மரக்கட்டையில் விழுகிற ஓசை ஓய்வதே இல்லை. வெற்றிச் சின்னத்துக்கு அருகில் கால்வாய்க் கரையில் படகு நூடுல்ஸ் கடைகள். சின்னஞ்சிறு கிண்ணத்தில் கருத்துக் கெட்டியாக இருக்கும் அந்தச் சாற்றில் பன்றியின் இரத்தமோ மாட்டின் இரத்தமோ கலந்திருக்கும். இரவில் சீனர் தெருவான யாவராத். அங்கே கடல் உணவுக் கடைகள் சிலவற்றின் வாசலில் நீர்த்தொட்டிகள் இருக்கின்றன. மீன் நீந்துகிறது; வாடிக்கையாளர் விரலை நீட்டுகிறார்; வலை இறங்குகிறது; சற்று நேரத்தில் எலுமிச்சைச் சாறும் பூண்டும் மிளகாயும் சேர்த்து ஆவியில் வெந்த மீன் தட்டில் வருகிறது. இந்தக் கடைசி உணவைப் பற்றித் தாய்லாந்து பின்பற்றும் தேரவாத பௌத்தத்துக்குள்ளேயே ஐயம் எழ வழி இல்லை. மஜ்ஜிம நிகாயத்தின் ஜீவக சூத்திரம் புத்தருக்காகவோ அவருடைய சீடருக்காகவோ உயிர்க்கொலை செய்கிறவன் ஐந்து வகையில் பாவம் சேர்க்கிறான் என்கிறது. அவற்றில் முதலாவது வெட்டுவது அல்ல. அந்த விலங்கைக் கொண்டுவா என்று சொல்வதே முதலாவது. கொல் என்று ஆணையிடுவது அதற்குப் பின்தான் வருகிறது. நீட்டிய விரல் அந்த இரண்டு ஆணைகளையும் ஒருசேர இட்டுவிடுகிறது. கண்டது, கேட்டது, ஐயம் என்ற மூன்றில் ஒன்றையும் இங்கே மறுக்க முடியாது.

கண்ணாடிப் பெட்டிக் கோழியின் கதை வேறு, அது ஏற்கெனவே செத்துவிட்டது, நான் உண்டாலும் உண்ணாவிட்டாலும் அதற்கு உயிர் திரும்பாது என்பார்கள். உண்மைதான். ஆனால் கடைக்காரர் கணக்குப் போடுவது அந்தக் கோழியை வைத்து அல்ல. இரவு கடை கட்டும்போது எத்தனை தொங்குகின்றன, எத்தனை போயின என்று பார்த்து நாளைக்கு எத்தனை வேண்டும் என்று மொத்த வியாபாரியிடம் சொல்கிறார். இன்று உண்ட தட்டு நாளைய கோழிக்கான கோரிக்கை. தனி ஒருவர் உண்டதனால் கோழி ஒன்று கூடுதலாகச் சாகும் என்று யாரும் நிறுவ முடியாது. ஆனால் அப்படிப்பட்ட தட்டுகள் சேர்ந்துதான் அந்த எண்ணிக்கை உருவாகிறது என்பதையும் யாரும் மறுக்க முடியாது. இங்கே வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. பௌத்தத்தில் வினை என்பது எண்ணம். கொலை என்று ஆக வேண்டுமானால் உயிர் என்று அறிந்திருக்க வேண்டும், கொல்லும் எண்ணம் வேண்டும், முயற்சி வேண்டும். பசித்துச் சோறு கேட்டவரிடம் இவற்றில் எது இருக்கிறது? கொல்லும் எண்ணம் அவருக்கு இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அவரைக் கொலைகாரர் என்று சொல்வது வீண் பேச்சு. ஆனால் எண்ணம் என்பது வெறுப்போ வெறியோ மட்டும் அல்ல. கோழி வேண்டும் என்ற விருப்பமும், அது எப்படி வரும் என்ற அறிவும், அதற்கு விலை கொடுப்பதும் சேர்ந்தால் அதுவும் ஓர் எண்ணமே. தொட்டி மீனுக்கு நேரில் இடும் ஆணை இங்கே முகம் தெரியாத ஒருவருக்குப் போகிறது. தூரம் கூடும்போது பொறுப்பின் அளவு குறையலாம். இல்லாமல் போய்விடாது.

சீகனையே என் முன் நிறுத்தலாம். அவன் பிக்கு அல்ல, இல்லறத்தான், சந்தையில் வாங்கினான், நூல் அவனைக் குற்றம் சொல்லவில்லையே? கடினமான கேள்விதான். அவன் மேல் வந்த புகார் உயிர்க்கொலை செய்தான் என்பது. அந்தப் புகாரிலிருந்து நூல் அவனை விடுவிக்கிறது. வாங்குவது குற்றமற்றதா என்று அங்கே யாரும் கேட்கவில்லை, ஆகவே விடையும் இல்லை. விற்பதைப் பற்றி மட்டும் வேறோர் இடத்தில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இல்லறத்துச் சீடன் செய்யக் கூடாத ஐந்து வணிகங்களை அங்குத்தர நிகாயம் அடுக்கும்போது, ஆயுதம், உயிர்கள், மது, நஞ்சு ஆகியவற்றோடு இறைச்சியும் அதில் இருக்கிறது. விற்பது தவறு, வாங்குவது தவறில்லை என்றால், தவறு செய்ய எப்போதும் இன்னொருவர் தேவைப்படுகிறார். சியாம் என்று அழைக்கப்பட்ட பழைய தாய்லாந்தில் நடந்ததும் அதுவே: பன்றி அறுக்கும் வேலை நெடுங்காலம் பெரும்பாலும் சீனர் கையிலும், மாடு அறுப்பது முஸ்லிம்கள் கையிலும் இருந்தது. தன் தட்டுக்கு வேண்டிய பாவத்தைப் பக்கத்து மதத்தார் தலையில் ஏற்றிவைத்த ஒழுக்கத்தை நான் நிறைவான ஒழுக்கம் என்று சொல்ல மாட்டேன். இந்த ஓட்டையைத் தமிழில் வெகு காலம் முன்பே கண்டுகொண்டார்கள். புலால் மறுத்தல் அதிகாரத்தில் திருவள்ளுவர் விற்பவனை விட்டுவிட்டு உண்பவனைத் திரும்பிப் பார்க்கிறார்: உண்பதற்கென்று உலகம் கொல்லாதிருந்தால் விலைக்குத் தருபவனே இருக்க மாட்டான் என்பது அவர் வாதம். பௌத்தரோடு தர்க்கம் செய்யவே எழுந்த சமண நூலான நீலகேசியும் ஊன் உண்ணும் கேள்வியை விடாமல் பிடித்துக்கொள்கிறது. வைசாலித் தெருவில் எழுந்த பழைய வழக்கின் தமிழ்க் கிளை என்றே அதைச் சொல்லலாம்.

இவையெல்லாம் வெளியிலிருந்து வரும் குற்றச்சாட்டுகள், தாய்லாந்து மக்கள் அப்படி நினைக்கவில்லை என்று ஒருவர் சொல்லக்கூடும். அவர்கள் செய்வதைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. சாவ் பிரயா ஆற்றங்கரையில் உள்ள வாட் ரகாங் போன்ற கோயில்களின் அருகே கெளுத்தியும் விலாங்கும் உயிரோடு விற்கிறார்கள். வாங்கி ஆற்றில் விட்டால் புண்ணியம். சந்தைக் கல்லில் துடிக்கும் கெளுத்தியை வாங்கிவந்து விடுவதை அதைவிட உயர்வாகக் கருதுகிறவர்கள் உண்டு, ஏனென்றால் அது அன்றே சாகவிருந்த உயிர். அதே கெளுத்தி அடுத்த தெருவில் குச்சியில் குத்திக் கரி அடுப்பின் மேல் வாடிக்கொண்டிருக்கும். வாட் ஹுவா லம்போங்கில் அறுப்புக்குப் போகும் மாட்டையும் எருமையையும் மீட்க மக்கள் காணிக்கை தருகிறார்கள். பணம் கொடுத்து ஓர் உயிரைக் காப்பாற்ற முடியும் என்று இவர்கள் நம்பினால், பணம் கொடுத்து ஓர் உயிரைப் போக்கவும் முடியும் என்பதை எப்படி நம்பாமல் இருக்க முடியும்? இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கோயில் வாசலில் கூண்டுப் பறவைகளை வாங்கிப் பறக்கவிடுவதைத் தாய்லாந்துப் பௌத்தர்களே இன்று கண்டிக்கிறார்கள். வாங்க ஆள் இருப்பதால்தான் பிடிக்கிறார்கள், உங்கள் புண்ணியமே அந்தப் பறவைக்குக் கூண்டு என்கிறார்கள். மிகச் சரியான கண்டனம். கருணையால் வாங்குகிறவர் மேல் அந்தக் காரணப் பொறுப்பை ஏற்றுகிறவர்கள், பசியாலும் ருசியாலும் வாங்குகிறவரை மட்டும் அதிலிருந்து விலக்கிவிட முடியாது.

சோறு விளையும் வயலிலும் புழு பூச்சி சாகிறது, பப்பாளிக் காயை இடித்துச் செய்யும் சோம் தாமிலும் காய்ந்த இறாலும் மீன் சாறும் இருக்கின்றன, முழுத்தூய்மை யாருக்கும் இல்லை என்ற மறுப்பு எப்போதும் வரும். தூய்மையைப் பற்றி நான் பேசவே இல்லை. விருந்தாளி போன இடத்தில் கொடுத்ததை உண்ண வேண்டும் என்பதற்கு மட்டும் நான் மதிப்புக் கொடுப்பேன். தாய்லாந்து வீடொன்றில் பாசத்தோடு பரிமாறினால் அங்கே பயணியின் நிலை பிக்குவின் நிலைக்கு மிக அருகில் வருகிறது. கடையில் அவர் விருந்தாளி அல்ல. சாப்பிடுகிறவர்கள் கேட்டால் கடைகள் எவ்வளவு விரைவாக மாறும் என்பதற்கு யாவராத்திலேயே சான்று இருக்கிறது. சீன நாள்காட்டியின் ஒன்பதாம் மாதத்து முதல் ஒன்பது நாளும் கின் ஜே விழா. மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்துப் போட்ட கொடிகள் கடைதோறும் ஏறுகின்றன. இறைச்சி, மீன், முட்டை, பால் மட்டுமல்ல, பூண்டும் வெங்காயமும்கூட அடுப்பை விட்டுப் போகின்றன. சோயாவும் காளானும் கோதுமைப் பசையும் அந்த இடத்துக்கு வருகின்றன. எந்தச் சட்டமும் அதைச் செய்யவில்லை. ஊன் மறுப்பதைத் தாய்லாந்துப் பௌத்தம் தடுக்கவும் இல்லை. பல ஆண்டுகள் பாங்காக்கின் ஆளுநராக இருந்த சம்லோங் ஸ்ரீமுவாங் சைவ உணவு மட்டுமே உண்ணும் சாந்தி அசோக் இயக்கத்தைச் சேர்ந்தவர். அந்த இயக்கம் 1989இல் பிக்குகளின் தலைமை அமைப்பான சங்கத்தின் கண்டனத்துக்கு ஆளானது. சங்கத்தின் ஆட்சியை ஏற்காமல் தானே துறவறம் வழங்கியதுதான் அதற்கு முதன்மைக் காரணம். ஊன் மறுத்தது குற்றமாகவில்லை.

எல்லோருக்கும் ஒரே அளவு பொறுப்பு என்று நான் சொல்லவில்லை. தொழிற்சாலை வாசலில் அரை மணி இடைவேளையில் கிடைப்பதை விழுங்கிவிட்டு ஓடுகிற தொழிலாளியிடம் தேர்வு குறைவு; அவர் பிக்குவின் பக்கம் நெருங்கி நிற்கிறார். பயணியிடம் பணம் இருக்கிறது, பொழுது இருக்கிறது, கைப்பேசியில் நூறு கடைகளின் படங்கள் இருக்கின்றன, ஆண்டு முழுக்க ஜே உணவு விற்கும் கடைகளும் அந்தப் பட்டியலில் உண்டு. கோழிச் சோற்றில் என்னோடு வாதாட அவருக்கு இடம் இருக்கிறது. அங்கே என் வாதம் எண்ணிக்கையையும் தூரத்தையும் நம்பி நிற்கிறது, அதை எடைபோட்டு ஒருவர் வேறு முடிவுக்கு வரலாம். தொட்டி மீனில் அந்த இடமும் இல்லை. ஜீவக சூத்திரம் அதை முன்பே தீர்த்துவிட்டது.