ஒரு நீலப்பூவின் இலக்கணம்

ஆல்ப்ஸ் மலையின் உயர்ந்த புல்வெளிகளில் மே முதல் ஆகஸ்ட் வரை, தரையோடு ஒட்டி ஒரு நீலப்பூ பூக்கிறது. செடி ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர்தான். அதில் பாதி பூவே. நீண்ட குழலாக எழுந்து, வாய் ஐந்தாகப் பிரிந்திருக்கும் அதன் பெயர் ஜென்ஷியன். ஆஸ்திரியாவின் ஒரு சென்ட் நாணயத்தில் இருப்பது ஜென்ஷியன் பூதான். 1753-இல் லின்னேயஸ் இதற்கு ஜென்ஷியானா அகாலிஸ் என்று பெயரிட்டார். நெடுங்காலம் இரண்டு வகைச் செடிகள் இந்த ஒரே பெயரில் வழங்கிவந்தன. 19-ஆம் நூற்றாண்டில்தான் மற்றது தனியாகப் பிரிக்கப்பட்டு, ஆஸ்திரிய மலைகளில் ஏறிச் செடி தேடிய க்ளூசியஸின் (1526–1609) நினைவாக ஜென்ஷியானா க்ளூசி ஆயிற்று.

இரண்டையும் பிரித்தறிவது எப்படி என்பது சிறிய கேள்விதான். ஆனால் அதைத் தொட்டதும் தத்துவத்தின் மிகப் பழைய கேள்வி ஒன்று எழுகிறது: ஒரு பொருளை நாம் கண்டுகொள்ள உதவும் அடையாளமும் அந்தப் பொருளின் இயல்பும் ஒன்றுதானா?

நியாய மரபினர் இதை இலக்கணம் என்ற தலைப்பில் ஆராய்ந்தனர். அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகம் வழியாகவும், சிவஞான முனிவர் செய்த அதன் மொழிபெயர்ப்பு வழியாகவும் தமிழில் தருக்கம் கற்றவர்களுக்கு இது பழகிய செய்தி. ஒரு பொருளுக்கே உரியதாகவும், அந்த வகை முழுவதிலும் காணப்படுவதாகவும் இருப்பதே இலக்கணம். சிலவற்றை விட்டுவிட்டால் அவ்வியாப்தி. பிறவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டால் அதிவியாப்தி. எதற்குமே பொருந்தாவிட்டால் அசம்பவம். பசுவுக்குக் கொம்பு இலக்கணம் ஆகாது, எருமைக்கும் அது உண்டு. கழுத்தின் கீழ்த் தொங்கும் அலைதாடியே சரியான இலக்கணம் என்பது அவர்கள் முடிவு.

இந்தச் சோதனையில் ஜென்ஷியனின் நீலம் முதலிலேயே தோற்றுவிடுகிறது. அகாலிஸில் எப்போதாவது வெள்ளைப் பூவும் உண்டு, க்ளூசியும் நீலமே. ஒரே அடையாளத்தில் இரண்டு குற்றம். குழலின் உட்புறம் பச்சைக் கோடுகளும் புள்ளிகளும் இருந்தால் அகாலிஸ் என்பார்கள். பெரும்பாலும் சரி, எப்போதும் அல்ல. உறுதியான சான்று பூவுக்கு வெளியே, அதன் அடியைச் சுற்றியுள்ள புல்லிவட்டத்தில் இருக்கிறது. அகாலிஸின் புல்லிப் பற்கள் அடியில் குறுகி நடுவில் அகன்றிருக்கும். இரு பற்களுக்கு இடையே வெண்மையான மெல்லிய சவ்வு தெரியும். க்ளூசியின் பற்கள் அடியிலேயே அகன்று முக்கோணமாகக் கூராகும். அவற்றின் இடைவெளி ஒடுங்கிய கோணமாக முடியும், சவ்வு தெரியாது. அழகுக்காகப் பூவைப் பார்ப்பவர் ஒருபோதும் கவனிக்காத இடம் அது.

மண்ணும் துப்புக் கொடுக்கிறது. க்ளூசி சுண்ணாம்புப் பாறை நிலத்தை நாடும். அகாலிஸ் அமில மண்ணை. மண் செடிகளின் பரவலைத் தீர்மானிக்கும் விதத்தைத் தாவரவியலாளர் ஃபிரான்ஸ் உங்கர் 1836-இலேயே டைரோல் பகுதியை வைத்து எழுதினார். ஆனால் சுண்ணாம்புப் பாறையின் மேலேயே மட்கு திரண்டு மேல்மண் அமிலமாகிவிட்டால், அங்கே அகாலிஸ் வளரும். ஆகவே மண், காகம் உட்கார்ந்திருப்பதைக் காட்டி ஒரு வீட்டை அடையாளம் சொல்வது போன்றது. வேதாந்திகள் இத்தகைய வெளி அடையாளத்தைத் தடத்த இலக்கணம் என்று, பொருளின் இயல்பேயான சொரூப இலக்கணத்திலிருந்து பிரித்தார்கள்.

அப்படியானால் புல்லிப்பல் சொரூப இலக்கணமா? இங்கேதான் கருத்துகள் பிரிகின்றன. ஜான் லாக் 1690-இல், நாம் வகுக்கும் இனங்கள் நாம் கவனித்த பண்புகளின் தொகுப்புக்கு இட்ட பெயர்களே என்று வாதிட்டார். அதற்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன், பௌத்தரான திக்நாகர், பெயர் ஒரு பொதுத்தன்மையைச் சுட்டுவதில்லை, மற்றவற்றை விலக்கவே செய்கிறது என்றார். லாமார்க் 1778-இல் புகழ்பெறச் செய்த இருகிளைத் திறவுகோல் சரியாக அப்படித்தான் இயங்குகிறது: இதுவா அதுவா என்று கேட்டு, ஒவ்வொரு படியிலும் சிலவற்றைத் தள்ளிக்கொண்டே போகிறது. லாமார்க்கே அதைப் பெயர் கண்டுபிடிக்கும் கருவியாக மட்டுமே கருதினார். இயற்கையின் ஒழுங்கு வேறு என்றார். நியாய மரபினரோ, சாதி எனப்படும் பொதுத்தன்மை பல பொருள்களில் நிலைத்திருக்கும் அழிவற்ற ஒன்று என்றனர்.

இந்த இரண்டு நிலைப்பாடுகளும் பாதி வரைதான் செல்லும். 1859-இல் டார்வின் எழுதியதற்குப் பிறகு சிற்றினத்தை அழிவற்றது என்று சொல்ல முடியாது; அதற்குத் தொடக்கம் உண்டு, முடிவும் உண்டு. வெறும் பெயர் என்றும் தள்ளிவிட முடியாது. அகாலிஸ் விதையிலிருந்து அகாலிஸே முளைக்கிறது. நாம் பெயரிடாவிட்டாலும் அது அப்படியே முளைக்கும். 1942-இல் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மாயர், பிறவற்றோடு கலவாமல் தமக்குள் இனம்பெருக்கும் கூட்டமே சிற்றினம் என்றார். இந்த இரு ஜென்ஷியன்களுக்கும் கலப்பினங்கள் பதிவாகியிருப்பதால் அந்த வரையறையும் விளிம்பில் தளர்கிறது. எல்லை மங்கலாக இருப்பதால் இரண்டு பொருள்கள் இல்லை என்றாகிவிடாது. சிற்றினம் ஒரு வமிசம். புல்லிப்பல் அந்த வமிசம் விட்டுச்செல்லும் சாட்சி. சாட்சியை நம்பலாம், ஆனால் சாட்சியே வழக்கு அல்ல.

ஜென்ஷியானா பேரினம் முழுவதும் ஜெர்மனியில் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. புல்லிவட்டத்தைப் பார்ப்பதற்குப் பூவைப் பறிக்க வேண்டியதில்லை. மண்டியிட்டு, குழலை விரலால் லேசாகச் சாய்த்தால் போதும். மலைக்குச் செல்பவர்கள் அந்த அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.